டிராகன்கள் ஏன் திரும்பி வந்தன?

மேற்கே இருக்கும் தீவுகளில்தான் முதலில் தீப்பிடித்தது. பிறகு, தலைநகர் இருக்கும் பெரிய தீவிலேயே காடு எரிந்தது. விளைந்து நின்ற வயல்கள் எரிந்தன. உழவர்கள் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"யார் வைத்த தீ?" என்று கேட்டவர்களுக்கு அவர்கள் வானத்தைக் காட்டினார்கள்.

டிராகன்கள்!

நெடுங்காலமாக மனிதர்களை விட்டு விலகி, மேற்குக் கடலின் கோடியில் வாழ்ந்து வந்த டிராகன்கள், மனிதர் உலகுக்குத் திரும்பி வந்துவிட்டன.

ஏன் வந்தன? அவற்றுக்கு என்ன வேண்டும்? பொன்னா, பொருளா, பழிக்குப் பழியா?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் நாவல்தான் 'தி அதர் விண்ட்'. 'மற்றொரு காற்று' என்று பொருள். 2001-ஆம் ஆண்டு வெளிவந்தது. அடுத்த ஆண்டே 'வேர்ல்ட் ஃபேன்டஸி' விருதைப் பெற்றது. எழுதியவர் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் உர்சுலா லெ குவின். நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 71.

குழந்தைகளுக்கான மந்திரக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மனிதன் எதை வாங்கினான், அதற்கு விலையாக எதைக் கொடுத்தான் என்று கணக்குக் கேட்கும் கதை இது.

பெயர் சொல்லாத மனிதர்

உர்சுலா 1929-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் குரோபர், புகழ் பெற்ற மானிடவியல் பேராசிரியர். அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழிகளையும் பழக்க வழக்கங்களையும் ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்.

1911-ஆம் ஆண்டு கலிபோர்னியா மலைப் பகுதியிலிருந்து ஒரு மனிதர் தன்னந்தனியாக வெளியே வந்தார். 'யாஹி' என்ற பழங்குடியில் மிஞ்சியிருந்த கடைசி ஆள் அவர். குரோபரும் அவருடைய நண்பர்களும் அவரை அழைத்து வந்து, சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்க வைத்தார்கள். அவருடைய பெயரை யாராலும் தெரிந்துகொள்ள முடியவில்லை. தன் பெயரைத் தானே வாய்விட்டுச் சொல்வது அந்த மக்களின் வழக்கம் அல்ல. ஆகவே 'இஷி' என்று அவரை அழைத்தார்கள். அவருடைய மொழியில் 'மனிதன்' என்று பொருள். 1916-ல் அவர் காச நோயால் இறந்தார். உண்மைப் பெயர் அவரோடு போயிற்று.

இது நடந்து முடிந்த பிறகுதான் உர்சுலா பிறந்தார். ஆனாலும் இஷியின் கதை அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்ட கதை. தாயார் தியோடோரா குரோபர் 1961-ல் இஷியைப் பற்றி எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உர்சுலாவின் மந்திரக் கதைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஏனென்றால் அந்தக் கதைகளில் உயிரை விட மேலாகக் காக்கப்படுவது பெயர்தான்!

தீவுகளின் உலகம்

உர்சுலா படைத்த கற்பனை உலகத்தின் பெயர் 'எர்த்ஸீ'. கண்ணுக்கு எட்டிய தூரம் கடல். அதில் நூற்றுக்கணக்கான தீவுகள். அந்த உலகில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஊரார் கூப்பிடும் பெயர் ஒன்று. உண்மைப் பெயர் மற்றொன்று. உண்மைப் பெயரை உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே சொல்லலாம். பகைவன் அறிந்துகொண்டால் தொலைந்தது! ஆளையே ஆட்டிப் படைத்து விடுவான்.

பொருள்களுக்கும் அப்படியே. கல்லுக்கும் கடலுக்கும் பருந்துக்கும் ஆதி மொழியில் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதைக் கற்றவன்தான் மந்திரவாதி. மனிதர்கள் அந்த மொழியைப் பல ஆண்டுகள் முயன்று கற்க வேண்டும். டிராகன்களுக்கோ அது பிறவி மொழி.

இந்த உலகத்தைப் பற்றிய முதல் நாவல் 1968-ல் வந்தது. கதாநாயகன் பெயர் கெட். ஆடு மேய்த்துத் திரிந்த ஏழைச் சிறுவன், மந்திரப் பள்ளியில் சேர்ந்து பெரிய மந்திரவாதி ஆகிறான்.

அவனுடைய நிறம் செம்பு கலந்த பழுப்பு! எர்த்ஸீ மக்களில் பெரும்பாலோர் மாநிறம் அல்லது கறுப்பு. வெள்ளைத் தோல் உள்ளவர்கள் கிழக்கே வாழும் கார்கட் நாட்டார் மட்டுமே. ஆங்கில மந்திரக் கதை என்றாலே வெள்ளைக்கார வீரன்தான் என்று இருந்த காலத்தில், உர்சுலா வேண்டுமென்றே செய்த மாற்றம் இது. 2004-ல் இந்தக் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளைக்காரன் ஆக்கிவிட்டார்கள். உர்சுலா அதைக் கடுமையாகக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

நல்லதா, கெட்டதா?

டிராகன் என்றால் ஐரோப்பியக் கதைகளில் கொடிய விலங்கு. சிறகு முளைத்த பெரும் பாம்பு போல இருக்கும். வாயால் நெருப்பைக் கக்கும். புதையலைக் காத்துக்கொண்டு குகையில் படுத்திருக்கும். வீரன் ஒருவன் வந்து அதைக் கொல்வான். அத்துடன் கதை முடிந்துவிடும். சீனாவிலோ டிராகன் மங்கலமான பிராணி, மழையைக் கொண்டு வரும் தெய்வம், அரசரின் சின்னம்.

உர்சுலாவின் டிராகன் இரண்டிலும் அடங்காது. அது பேசும். அறிவில் மனிதனை மிஞ்சும். அதனுடன் பேரம் பேசலாம். ஆனால் ஏமாந்துவிடக் கூடாது.

முதல் நாவலில் ஒரு கட்டம். பென்டார் தீவில் புதையல் மேல் படுத்திருக்கும் கிழ டிராகனைத் தேடி, கெட் தனியாகப் படகில் போகிறான். அப்போது கெட்டை ஒரு நிழல் துரத்திக்கொண்டிருந்தது. "உன்னைத் துரத்துகிறதே, அதன் பெயரைச் சொல்கிறேன்" என்று டிராகன் ஆசை காட்டுகிறது. தன் உயிரைக் காத்துக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் கெட் அதை ஏற்கவில்லை. தன்னை நம்பி இருக்கும் ஏழைத் தீவு மக்களை ஒருபோதும் தாக்கமாட்டேன் என்று டிராகனின் உண்மைப் பெயர் மேல் ஆணை வாங்கிக்கொண்டு திரும்புகிறான்.

1971-லும் 1972-லும் மேலும் இரண்டு நாவல்கள் வந்தன. மூன்றாவது நாவலுக்கு அமெரிக்காவின் தேசிய நூல் விருது கிடைத்தது. கதை அத்துடன் முடிந்தது என்று வாசகர்கள் நினைத்தார்கள்.

18 ஆண்டுகள் கழித்து, 1990-ல் நான்காவது நாவல் 'டெஹானு' வந்தது. 'எர்த்ஸீயின் கடைசி நூல்' என்று அதற்குத் துணைத் தலைப்பும் கொடுத்தார் உர்சுலா. ஆனால் அது கடைசி நூல் அல்ல! அப்படிச் சொன்னது தவறு என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

நெருப்பில் தள்ளப்பட்ட சிறுமி

'டெஹானு' நாவலில் அரசரும் போரும் பின்னால் போய்விடுகிறார்கள். டெனார் என்ற விதவைப் பெண்தான் நாயகி. கார்கட் நாட்டில் பிறந்தவள். சிறு குழந்தையாக இருக்கும்போதே கோயில் பூசாரிணியாக்கப்பட்டு, பின்னர் கெட்டுடன் தப்பி, வேற்று நாட்டுக்கு வந்தவள். குடியானவன் ஒருவனை மணந்து, பிள்ளை குட்டி பெற்று, தலை நரைத்த நேரம்.

அவளிடம் ஒரு சிறுமி வந்து சேருகிறாள். சொந்தத் தகப்பனும் அவன் கூட்டாளிகளும் கொடுமைப்படுத்தி நெருப்பில் தள்ளிய குழந்தை. முகத்தில் ஒரு பாதி வெந்துவிட்டது. ஒரு கை விரல்கள் ஒட்டிப் போய்விட்டன. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். டெனார் அவளை மகளாக எடுத்து வளர்க்கிறாள்.

கதையின் முடிவில் டெனாருக்கும் கெட்டுக்கும் உயிருக்கே ஆபத்து. மந்திர வலிமையை முற்றிலும் இழந்துவிட்ட கெட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போது அந்தச் சிறுமி யாரும் கற்றுத் தராத மொழியில் குரல் கொடுக்கிறாள். வானத்திலிருந்து டிராகன்களில் எல்லாம் மூத்ததான கலெஸின் பறந்து வருகிறது. அவளை "மகளே!" என்று அழைக்கிறது. ஒரு நட்சத்திரத்தின் பெயரான 'டெஹானு' என்பதுதான் அவளுடைய உண்மைப் பெயர்.

மனிதப் பெண், டிராகனுக்கு எப்படி மகள் ஆனாள்? இந்தப் புதிர் அவிழ்வது 2001-ல் வந்த 'மற்றொரு காற்று' நாவலில்தான்.

தூங்க அஞ்சும் மனிதன்

கதை டிராகனில் தொடங்கவில்லை. தூங்குவதற்குப் பயப்படும் ஓர் எளிய மனிதனில் தொடங்குகிறது.

ஆல்டர் என்பவன் சிறிய மந்திரவாதி. உடைந்த பானை, குடம் போன்றவற்றை ஒட்டித் தருவது அவனுடைய தொழில். அவனுடைய அன்பு மனைவி லில்லி பிரசவத்தில் இறந்துவிட்டாள். அதன் பிறகு ஒவ்வோர் இரவும் ஒரே கனவு. ஒரு மலைச் சரிவு. கற்களை அடுக்கிக் கட்டிய சுவர். அந்தப் பக்கம் இறந்தவர்கள் உலகம். சுவரின் மேல் சாய்ந்து லில்லி அவன் கையைப் பற்றுகிறாள். தன்னை விடுவிக்கும்படி கெஞ்சுகிறாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் எண்ணற்ற இறந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து நின்று அதையே கேட்கிறார்கள்.

எர்த்ஸீயில் இறந்தவர்கள் போகும் இடத்துக்கு 'வறண்ட நிலம்' என்று பெயர். அங்கே மழை இல்லை, காற்று இல்லை. வானத்தில் நட்சத்திரங்கள் நகர்வதில்லை. வேதனையும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. ஒருவரை ஒருவர் காதலித்து மடிந்தவர்கள் தெருவில் எதிரெதிரே வந்தாலும் அடையாளம் தெரியாமல் விலகிப் போவார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து லில்லி கணவனை நினைவு வைத்துக்கொண்டு வந்து கை நீட்டினாள் என்றால், உலகத்தின் அடித்தளத்திலேயே ஏதோ கோளாறு!

ஆல்டர், கிழவனாகிவிட்ட கெட்டைத் தேடி வருகிறான். ஒரு காலத்தில் உலகமே அஞ்சிய மந்திரவாதி இப்போது ஆடும் தோட்டமும் பார்த்துக்கொண்டு வாழ்கிறான். கெட் அவனைத் தலைநகருக்கு அனுப்புகிறான். டெனாரும் டெஹானுவும் முன்னதாகவே அங்கே போயிருக்கிறார்கள். டிராகன்கள் தீ வைப்பதைக் கண்டு கவலை கொண்ட இளம் அரசன் லெபானன்தான் அவர்களை வரவழைத்திருந்தான்.

முகத்தில் பாதியைக் கூந்தலால் மறைத்துக்கொண்டு, யாரிடமும் பேசக் கூசி நிற்கும் டெஹானு, டிராகன்கள் முன்னே சென்று அவற்றின் மொழியில் பேசுகிறாள். அரசனின் வீரர்கள் வாள் வைத்துக்கொண்டும் செய்ய முடியாததை அவள் பேச்சினால் செய்கிறாள். தீ நிற்கிறது. டிராகன்களின் தூதுவராக இரியன் அரண்மனைக்குப் பறந்து வருகிறாள். தரையில் இறங்கியதும் பெண்ணாக மாறி, அரசவையில் நின்று பேசுகிறாள்.

தாய்மொழியில் கிடைத்த துப்பு

அதே அரண்மனையில் இன்னொரு சிக்கல். கார்கட் நாட்டு அரசன், கேட்காமலே தன் மகள் செஸராக்கைக் கப்பலில் ஏற்றி, லெபானனுக்கு மணப்பெண்ணாக அனுப்பிவிட்டான். தலை முதல் கால் வரை சிவப்புத் திரையால் மூடிய அந்தப் பெண்ணைக் கண்டால் லெபானனுக்கு எரிச்சல். அவளுக்கோ இந்த ஊர் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. சுற்றிலும் அந்நியர்கள்.

அவளிடம் பேச அங்கே ஒருத்திக்குத்தான் முடியும். டெனார்! பல ஆண்டுகளாக வேற்று மொழியிலேயே வாழ்ந்துவிட்ட டெனார், தன் தாய்மொழியில் அந்தப் பெண்ணுடன் பேசத் தொடங்குகிறாள். வெளியூரில் பிழைப்பவர்களுக்கு இந்தக் காட்சியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

அந்தப் பேச்சில்தான் முக்கியமான துப்பு கிடைக்கிறது. "எங்கள் நாட்டில் செத்தவர்கள் மீண்டும் பிறக்கிறார்கள். மந்திரவாதிகள்தான் மறுபிறவி இல்லாமல் சிக்கிக்கொண்டவர்கள்" என்கிறாள் செஸராக். ஆதியில் மனிதரும் டிராகனும் ஒரே இனம் என்ற கதையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கெட்டின் ஊரில் ஒரு மீனவக் கிழவி சொன்ன பழங்கதையும் அதுதான். இரியன் சொல்வதும் அதுதான்.

பெரிய மந்திரப் பள்ளியின் ஏடுகளில் இல்லாத உண்மை, 'காட்டுமிராண்டி நாடு' என்று ஒதுக்கப்பட்ட இடத்துப் பெண்ணிடமும், படிப்பறிவில்லாத கிழவியிடமும், எதிரியாகக் கருதப்பட்ட டிராகனிடமும் துண்டு துண்டாகக் கிடந்தது. எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்த பிறகே துண்டுகள் ஒன்று சேர்ந்தன.

பழைய ஒப்பந்தம்

அந்த உண்மை இதுதான்.

ஆதியில் ஒரே இனமாக இருந்தவர்கள் ஒரு நாள் பிரிந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு அல்ல. ஒப்பந்தம் செய்துகொண்டு பிரிந்தார்கள்.

மனிதர்கள் உடைமையைத் தேர்ந்தெடுத்தார்கள். வீடு, நிலம், கைத்தொழில், சேர்த்து வைக்கும் பொருள் எல்லாம் அவர்களுக்கு. அதற்கு விலையாக ஆதி மொழியைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள்.

டிராகன்கள் விடுதலையைத் தேர்ந்தெடுத்தன. காற்றும் நெருப்பும் ஆதி மொழியும் அவற்றுக்கு. அதற்கு விலையாக உடைமை என்பதையே விட்டுவிட்டன.

ஒப்பந்தத்தை மீறியது யார்? மனிதர்கள்தான்!

கைவிட வேண்டிய மொழியை அவர்கள் கைவிடவில்லை. எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மந்திரம் ஆக்கினார்கள். வீடும் நிலமும் கிடைத்த பிறகு, சாவு இல்லாத வாழ்வும் வேண்டும் என்று ஆசை பிறந்தது. டிராகன்களுக்கு உரிய மேற்கு நிலத்தில் ஒரு பகுதியை மந்திரத்தால் பிடுங்கினார்கள். தங்கள் ஆன்மா என்றென்றும் அங்கே வாழவேண்டும் என்று சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள்.

சுவர் எழுந்தவுடனே அங்கே காற்று நின்றுவிட்டது. தண்ணீர் வற்றிவிட்டது. சொர்க்கமாக இருக்கவேண்டிய இடம் 'வறண்ட நிலம்' ஆகிவிட்டது. சாகாத வாழ்வைத் திருடப் போனவர்கள், தங்களுக்கும் தங்கள் சந்ததிக்கும் முடிவே இல்லாத சிறையைக் கட்டிக்கொண்டார்கள்.

திருட்டுப் போன நிலத்தைக் கேட்கத்தான் டிராகன்கள் திரும்பி வந்தன!

இடிந்த சுவர்

கடைசிக் கட்டம் மந்திரப் பள்ளி இருக்கும் ரோக் தீவில் நடக்கிறது. அரசனும் மந்திரவாதிகளும் டெனாரும் செஸராக்கும் அங்கே கூடுகிறார்கள். இரவில் அந்தக் கனவுச் சுவர் அவர்கள் கண்முன் எழுகிறது. முதல் கல்லைப் பெயர்த்தவன் ஆல்டர்! வாழ்நாள் எல்லாம் உடைந்ததை ஒட்டியவன், இப்போது ஒன்றை உடைத்து உலகத்தைச் செப்பனிடுகிறான். மறுபக்கத்திலிருந்து இறந்தவர்களின் கைகளும் கற்களைத் தள்ளுகின்றன.

சுவர் இடிகிறது. காற்று உள்ளே நுழைகிறது. டிராகன்கள் பறந்து வருகின்றன. இறந்தவர்கள் வெளியே வந்து, ஒளியில் தூசாகக் கரைந்து விடுதலை அடைகிறார்கள். ஆல்டரும் லில்லியுடன் போய்விடுகிறான்.

டெஹானு? வெந்த முகமும் ஒட்டிய கையும் உடைய அந்தப் பெண், பொன்னிற டிராகனாக மாறி மேலே எழுகிறாள். இனி திரும்பமாட்டாள் என்று தெரிந்தும் டெனார் அவளைத் தடுக்கவில்லை. மகளை அனுப்பிவிட்டு, கெட் காத்திருக்கும் பழைய வீட்டுக்குத் தனியாகத் திரும்புகிறாள். தாய் கொடுத்த விலை அது.

தன்னைத் திருத்திக்கொண்டவர்

இந்த நாவலில் மற்றொரு துணிச்சலும் உண்டு. 'வறண்ட நிலம்' உர்சுலாவே படைத்தது. அதற்கு முழு வடிவம் கொடுத்தது 1972-ல் வந்த நாவல். அதற்கு விருதும் பாராட்டும் கிடைத்தன. அப்போது அதை உலக நியதியாகவே காட்டினார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 'அது நியதி அல்ல, அநீதி' என்று தம் கதையையே கேள்வி கேட்டு, தாம் கட்டிய சுவரைத் தாமே இடித்தார். புகழ் பெற்ற பிறகு தம் பழைய எழுத்தைத் திருத்திக்கொள்ளும் எழுத்தாளர்கள் எத்தனை பேர்?

உடைமையா, விடுதலையா என்ற கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை. 2014-ல் அமெரிக்க இலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டுக்காகத் தேசியப் பதக்கம் பெற்றபோது, புத்தகத்தை வெறும் விற்பனைச் சரக்காக நினைக்கும் வியாபாரத்தை மேடையிலேயே சாடினார். எழுத்தாளருக்கு உண்மையான பரிசு விடுதலைதான் என்றார். 2018-ஆம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, 88-வது வயதில், ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாண்ட் நகரில் காலமானார். அதே ஆண்டு எர்த்ஸீ நூல்கள் ஆறும் சார்லஸ் வெஸ் வரைந்த ஓவியங்களுடன் ஒரே தொகுதியாக வெளிவந்தன.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு அந்தப் பழைய ஒப்பந்தம் புரியாதது அல்ல. ஒன்று கைக்கு வரவேண்டுமானால் இன்னொன்று கையை விட்டுப் போகிறது. முதல் தேதி சம்பளம் வருகிறது. ஊர்த் திருவிழா போகிறது. பிள்ளைக்குப் படிப்பு வருகிறது; பாட்டி மடியில் கேட்கும் கதை போகிறது. அப்படித் தேர்ந்தெடுத்ததைக் குற்றம் என்று உர்சுலா சொல்லவில்லை. உடைமையை விரும்பிய மனிதனையும் அவர் பழிக்கவில்லை.

இரண்டும் எனக்கே வேண்டும் என்று அடுத்தவன் பங்கையும் பிடுங்கி, சுற்றிலும் சுவர் வைத்துக்கொள்வதுதான் குற்றம். அப்படிக் கட்டிய இடத்தில் காற்று வீசாது.

என்றாவது ஒரு நாள், பங்கைப் பறிகொடுத்தவன் திரும்பி வருவான். டிராகன்கள் வந்ததைப் போல!